மறுமொழி: அம்மப்பாவின் ‘லண்டன்’ பட்டம்

வணக்கம். உங்கள் அம்மப்பா கப்பலே ஏறாதவர், ஆனால் 1934ஆம் ஆண்டுச் சான்றிதழில் லண்டன் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது, போலியோ என்று மாமா சந்தேகப்படுகிறார் என எழுதியிருந்தீர்கள். அதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வழக்கமே அதுதான்.

அப்போது இலங்கையில் பல்கலைக்கழகம் கிடையாது. வேண்டும் என்று கேட்டு 1906இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பதினைந்து வருட இழுபறிக்குப் பிறகு 1921இல் கிடைத்தது பல்கலைக்கழகமல்ல, இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி. பெயரில் ‘பல்கலைக்கழகம்’ இருந்தாலும் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. படிப்பது கொழும்பில், எழுதுவது லண்டனின் வெளிவாரிப் பரீட்சை, அதாவது அங்கே போய்ப் படிக்காதவர்களுக்கான பரீட்சை. வினாத்தாள் அங்கிருந்து வரும், பட்டமும் அங்கிருந்தே. (அரைக் கிணறு தாண்டிய கதைதான், என்னைக் கேட்டால்.)

சொந்தப் பட்டம் வந்தது 1942 ஜூலை 1இல், இந்தக் கல்லூரியையும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் இணைத்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆக்கியபோது. இவ்வளவு தாமதத்துக்கு ஒரு காரணம், கொழும்பிலா கண்டிப் பக்கமா என்ற இடச் சண்டை. கடைசியில் கண்டியை அடுத்த பேராதனை வென்றது.

அப்புறம், அம்மப்பா படித்த ‘காலேஜ் ஹவுஸ்’, அந்தப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கட்டிடம், இன்னும் கொழும்புப் பல்கலைக்கழக வளவில் நிற்கிறது. சான்றிதழில் ‘வெளிவாரி மாணவர்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முழுப்பெயர், ஆண்டு இரண்டையும் கொடுத்து லண்டன் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். கொழும்பில் கேட்டு அலைய வேண்டாம்.