பழைய கெர்ப் மெஷினுக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: பதினோரு வருடமாகச் சாலையோர கெர்பும் (சாலை விளிம்பில் எழும்பி நிற்கும் கான்கிரீட் கட்டு) அதை ஒட்டிய வாய்க்காலும் போடும் வேலையை எடுத்துச் செய்கிறேன். எட்டுப் பேர் கொண்ட குழு. எல்லாம் கைவேலைதான்: பலகை அடிப்போம், கான்கிரீட் போடுவோம், மறுநாள் பிரித்துப் பூசி முடிப்போம். வருடத்துக்கு 9 கி.மீ. வரை செய்கிறோம். அதில் நீண்ட ஓட்டமாகப் போவது 5 கி.மீ. இருக்கும், மற்றது துண்டு துண்டான வேலை. இப்போது பலகை இல்லாமல், நகர்ந்துகொண்டே கெர்பை வார்த்துப் போகும் ஒரு பழைய ஸ்லிப்ஃபார்ம் மெஷின் விலைக்கு வந்திருக்கிறது. 14 வருடப் பழசு, மீட்டரில் 3,800 மணி நேரம் ஓடியிருக்கிறது. கெர்புக்கு வடிவம் தரும் ஒரு மோல்டும் சேர்த்துத் தருகிறார்கள். விலையில் 60 சதவீதம் சேமிப்பாகக் கையில் இருக்கிறது. மீதிக்கு வீட்டை அடமானம் வைக்க யோசிக்கிறேன். ஒரு மனைப்பிரிவு நிறுவனம் அடுத்த வருடம் 6 கி.மீ. வேலை தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: இந்த மாதக் கடைசிக்குள் வேண்டாம். வீட்டை வைத்து எப்போதுமே வேண்டாம். ஆனால் மெஷின் என்ற யோசனையே தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் விலை, வயது, மணிக்கணக்கு, கடன் என்று நாலு விஷயம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 5 கி.மீ.தான்.

நீங்கள் விலையைச் சொல்லவில்லை. அதனால் விற்பவர் கேட்பதை 100 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி இறக்கிக் கொண்டுவரும் செலவு, வந்தவுடன் பார்க்க வேண்டிய பழுது, இன்னொரு மோல்டு, ஆட்கள் பழகும்வரை வீணாகும் கான்கிரீட் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 25 ஆகும். ஆக உங்களிடமிருந்து போவது 125. ஐந்து வருடம் ஓட்டிவிட்டு 40-க்கு விற்றால், தேய்மானம் மட்டும் வருடத்துக்கு 17. கடன் வட்டியும், உங்கள் சொந்தப் பணம் வேறிடத்தில் இருந்தால் கிடைத்திருக்கும் வருமானமும் சேர்த்து 7. பராமரிப்பு 10. காப்பீடு, நிறுத்தும் இடம் 3. மொத்தம் 37. மெஷின் ஒரு மீட்டர்கூட ஓடாவிட்டாலும் இதில் பெரும்பகுதி போய்க்கொண்டேதான் இருக்கும்.

கைவேலையோடு ஒப்பிட்டால் மெஷின் ஒரு கி.மீ.க்கு எவ்வளவு மிச்சப்படுத்தும்? 3 என்று எடுத்துக்கொள்கிறேன். கான்கிரீட் செலவு இரண்டுக்கும் பொது. மிச்சமாவது பலகை, பலகை அடிக்கும் கூலி, பிரிக்கும் கூலி, பூச்சு ஆகியவற்றில்தான். உங்கள் பழைய பில்களைப் புரட்டினால் சரியான எண் கிடைக்கும், அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். 37-ஐ 3-ஆல் வகுத்தால் 12 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டுகிறது. வருடாவருடம் அவ்வளவு ஓடினால்தான் போட்ட பணத்துக்குச் சரியாகும்.

துண்டு வேலை இந்தக் கணக்கில் சேராது. மெஷினால் இறுக்கமான வளைவையும் போட முடியும், அதில் குறையில்லை. ஆனால் பதினைந்து மீட்டர் போடுவதற்கும் முளையடித்து, மெஷினுக்கு வழிகாட்டும் கயிறு கட்டி, லெவல் பார்த்து, மெஷினை இறக்கி, வேலை முடிந்ததும் கான்கிரீட் இறுகும் முன் கழுவியாக வேண்டும். அதற்குள் உங்கள் ஆட்கள் பலகை அடித்து முடித்துவிடுவார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது 5 கி.மீ. வாய்வார்த்தை 6 உண்மையானால் 11.

சரி, விலையைக் குறைத்துக் கேட்டால்? 75-க்குப் படிந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 100, ஐந்து வருடம் கழித்து விற்பது 35. தேய்மானம் 13, வட்டியும் குறைந்து 5 என்றால் வருடச் செலவு 31 ஆகிறது. தேவைப்படும் நீளம் 10.3 கி.மீ. பார்த்தீர்களா? விலையில் கால் பங்கை வெட்டியும் தேவை இரண்டு கி.மீ.தான் இறங்கியது. அதே பாடுபட்டு இன்னொரு 3 கி.மீ. நீண்ட வேலையை எழுத்தில் பிடித்தால், பேரம் பேசிக் கிடைப்பதைவிட அது அதிகம். அதனால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அந்த மனைப்பிரிவு நிறுவனம். 6 கி.மீ.க்கான வேலை உத்தரவு, தேதியோடும் பணம் தரும் கெடுவோடும் எழுத்தில் வரட்டும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மெஷின் வேலையை வேகமாக்குகிறது, அதோடு பணம் வெளியே போவதையும் வேகமாக்குகிறது. கெர்பும் வாய்க்காலும் சேர்ந்த ஒரு சாதாரண வடிவத்துக்கு மீட்டருக்கு 0.12 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும் என்று கொண்டால், 6 கி.மீ.க்கு 720 கன மீட்டர். நாளுக்கு 60 மீட்டர் கைவேலையில் அது நூறு நாளில் பரவும். முந்தைய பில்லுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். மெஷின் நாளுக்கு 300 மீட்டர் போட்டால் இருபது நாளில் எல்லாம் முடிந்துவிடும். கலந்த கான்கிரீட்டை லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ்காரர் மாதக் கடைசியில் மொத்தத்துக்கும் பில்லோடு நிற்பார். உங்களுக்கு வர வேண்டியதோ இரண்டு மாதம் கழித்துத்தான் வரும், அதிலும் ஒரு பங்கைப் பிடித்தம் செய்து வைப்பார்கள். உங்கள் சேமிப்பான 60-இல் குறைந்தது 20-ஐ இதற்காகவே தொடாமல் வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மெஷினை ரொக்கமாக வாங்கினார், கடன் ஒரு பைசா கிடையாது. முதல் பெரிய வேலையிலேயே கான்கிரீட்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் லாரி நின்றுவிட்டது. மூன்று வாரம் மெஷின் அந்தச் சாலையோரத்திலேயே கிடந்தது.

லாரி என்றதும் இதையும் பாருங்கள். 6 கன மீட்டர் லாரி 50 மீட்டர் தரும். மெஷின் நிமிடத்துக்கு இரண்டரை மீட்டர் போனால் இருபது நிமிடத்தில் லாரி காலி. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து வந்தால் உங்கள் நாளில் பாதி காத்திருப்பிலேயே போகும். நடுவில் நின்று புறப்பட்ட இடத்தில் மேற்பரப்பு தூக்கித் தெரியும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதோடு, பலகைக்குள் ஊற்றும் இளகிய கலவை இதற்கு ஆகாது. மோல்டை விட்டு வெளியே வந்ததும் தானாக நிற்க வேண்டுமே! ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகி இறங்குகிறது என்ற அளவு, 25 முதல் 50 மில்லிமீட்டருக்குள், ஒவ்வொரு லாரியிலும் ஒரே மாதிரி வர வேண்டும். உங்கள் ரெடிமிக்ஸ்காரரால் அதைத் தர முடியுமா என்று மெஷினைப் பார்க்கப் போகும் முன்பே கேளுங்கள். முடியாது என்றால் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

மெஷினைப் பார்க்கப் போகும்போது ஹைட்ராலிக் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள். மீட்டரில் இருக்கும் 3,800-ஐ நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். மெஷின் ஊர்ந்து போகும் டிராக் பேடுகளும் மண் சீவும் டிரிம்மரின் பற்களும் தேய்ந்த அளவு அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மோல்டுக்கு அடியில் குனிந்து விளிம்பைக் கையால் தடவுங்கள். அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அந்த அலை அப்படியே கெர்பில் வரும். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடவிட்டுக் கேளுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு குப்பியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் உலோகத் துகள் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அந்தச் செலவு ஒரு பம்பின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சென்சார் கயிற்றைப் பிடித்து ஓடும் கையை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். மெஷின் உடனே, தயங்காமல் உயரத்தைத் திருத்த வேண்டும்.

பழைய மெஷின்களில் என்னை அதிகம் பயமுறுத்துவது எஞ்சின் அல்ல, கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ்தான். எஞ்சினைப் பக்கத்து மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பழைய கட்டுப்பாட்டு கார்டு போனால் தயாரித்தவரிடம்தான் போக வேண்டும். பவர் கர்பர்ஸ் 1953-லும் கோமாக்கோ 1965-லும் தொடங்கி இன்றும் மெஷின் செய்கிற நிறுவனங்கள். இவர்களுடையது என்றால் சீரியல் எண்ணைக் கொடுத்து, அந்த மாடலின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு இன்னும் உதிரி கிடைக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்று பதில் வந்தால் முழு அமைப்பையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். கூடவே தருவதாகச் சொல்லும் மோல்டின் குறுக்கு வெட்டு அளவு உங்கள் ஊர் சாலைத் துறை வரைபடத்தோடு பொருந்தாவிட்டால், அதற்கும் விலை போடாதீர்கள்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மெஷினையே ஈடாக வைத்து வாங்குங்கள், வட்டி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தவணைக் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. வேலை இல்லாத மாதங்களில் தவணை குறைவாக இருக்கும்படி கேட்டுப் பாருங்கள். இந்த வயது மெஷினுக்குக் கடன் தர மாட்டோம் என்று கடன் தருபவர் சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஐந்து வருடம் கழித்து அதை வாங்கப் போகிறவரும் அதே பதிலைத்தான் கேட்பார், நான் போட்ட 40 அப்போது கிடைக்காது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? 6 கி.மீ. உத்தரவு கைக்கு வந்ததும், மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த நீண்ட ஓட்டத்தை மீட்டர் கணக்கில் விடுங்கள், அல்லது ஆளோடு வாடகைக்கு எடுங்கள். உங்கள் லாபம் குறையும், ஆனால் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் கயிறு கட்டுவதையும் லாரி வரிசையையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார்கள். மிச்சம் 3 என்று நான் ஊகித்த எண்ணும் உங்கள் சொந்த எண்ணாகிவிடும்.

விற்பவரிடம் நேராகச் சொல்லுங்கள்: வேலை உத்தரவு வந்தால், உங்கள் இடத்திலேயே ஒரு லாரி கான்கிரீட் ஓட்டிக் காட்டினால், அதன் மேல் கடன் பாக்கி இல்லை என்று தாள் காட்டினால், 75-க்கு எடுத்துக்கொள்கிறேன். முன்பணம் பத்து சதவீதம், மீதி ஓட்டம் சரியாக வந்த பிறகு. இந்த மாதிரி மெஷினுக்கு வாங்க ஆள் அதிகம் கிடையாது. அடுத்த மாதமும் அது அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். நடுவில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போனால் போகட்டும், உங்கள் 60 உங்களிடம் இருக்கிறது.