வண்டி கிடைத்துவிடும், டிரைவர் சம்பளத்துக்கு என்ன வழி?

கேள்வி: வேகமாக வளர்ந்துவரும் எங்கள் ஊருக்குச் சொந்த ஆம்புலன்ஸ் வேண்டும். நிதி எப்படித் திரட்டுவது?

புது லேஅவுட்டுகள், ஒரு நலச்சங்கம், வண்டி வாங்கித் தரத் தயாராக யாரோ ஒருவர். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வண்டி கொடுத்தது. டிரைவர் சம்பளம் யார் தருவது என்று கூட்டத்தில் கேட்டேன். "நல்ல காரியத்துல ஏம்ப்பா முட்டுக்கட்டை போடுற" என்று பெரியவர் ஒருவர் அடக்கிவிட்டார். பூசணிக்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். சம்பள பாக்கி ஏறவும் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி தண்ணீர்த் தொட்டியடியில் நின்றது. பேட்டரி செத்து, முன் டயர் காற்றிறங்கி, ஆக்சிஜன் சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, அந்த வண்டியைத் தாண்டித்தான் ஆட்டோவில் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் மாதச் செலவை முதலில் எழுதிப் பாருங்கள். ராத்திரி பகல் ஓட ஒரு டிரைவர் போதாது. டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்), சிலிண்டர் நிரப்புவது எல்லாம் இருக்கிறது. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய். அதில் வண்டி வாங்கலாம், சம்பளத்துக்கோ டீசலுக்கோ தரமாட்டார்கள். கம்பெனிகளிடம் கேட்கப் போனால், 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள் ஓசூரில் நிறைய உண்டு. வண்டியோடு நிற்காமல் மூன்று வருட ஓட்டச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் வண்டி மறுபடி ஓடுவது வீட்டுக்கு வீடு வாங்கும் மாதச் சந்தாவில்தான். மளிகைக் கடைக்காரர்களும் மண்டபக்காரர்களும் கூடுதலாகத் தருகிறார்கள்.

108 இருக்க இது எதற்கு என்று சிலர் கீழே கமென்டில் வந்து கேட்பார்கள். 2008-லிருந்து அது காப்பாற்றிய உயிர்களுக்கு நானும் கைகூப்புகிறேன். விபத்து, பிரசவம் என்றால் முதலில் அதைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் டயாலிசிஸுக்குப் போய்வர, ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டுக்குக் கூட்டிவர அது வராது. எங்கள் வண்டி அதிகம் ஓடுவது இந்த வேலைக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனை விற்பவர்கள் தெருப்பெயர்ப் பலகைகூட வைக்காமல் போய்விடுகிறார்கள். எங்கள் பகுதியில் 'மூன்றாவது குறுக்குத் தெரு' என்றால் எந்த லேஅவுட் என்று டிரைவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. கதவு எண்ணும் வரிசையில் இல்லை. வீட்டு வரியை மட்டும் உள்ளாட்சிக்காரர்கள் ஒழுங்காக வாங்குகிறார்கள். நிதிக்காகக் கூட்டம் போடும்போது பலகைக்கும் சேர்த்து ஒரு தீர்மானம் போட்டு மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கொடுங்கள்.