நடக்கும்போது வியர்த்தால், அங்கேயே சுகரைப் பாருங்கள்

கடிதத்தில் ஐந்து கேள்விகள் இருந்தாலும், உங்களைத் தூங்கவிடாதது ஒன்றுதான். அப்பா காலை நடையின்போது மாரடைப்பில் போய்விட்டார். 54 வயதில் உங்களுக்கும் நடக்க ஆரம்பித்த அரை மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஒரே மாதத்தில் நான்கு முறை. எனக்கும் இதயக் கோளாறுதானா என்று பயப்படுகிறீர்கள்.

எனக்கு முதல் சந்தேகம் லோ சுகர் மேல்தான், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். நடக்கும் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். சுகர் இறங்காமல் என்ன செய்யும்? டீக்கடையில் உட்கார்ந்து இனிப்பாக ஒரு டீ குடித்ததும் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால், இதயத்தால் வரும் தொந்தரவும் உட்கார்ந்தால் அடங்கும். அதனால் ஊகம் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுங்கள்; அதுவரை வேக நடை கூடாது. சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் எப்போதும் கையோடு இருக்கட்டும். நடுக்கம் வந்த இடத்திலேயே நின்று சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். இந்த மாத்திரையால் சுகர் திரும்பவும் இறங்கும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். மீட்டர் இல்லையென்றால் யோசிக்காமல் சர்க்கரையைக் குடியுங்கள்.

சுகர் சரியாக இருந்தும் வியர்க்கிறதா, நெஞ்சு அழுத்துகிறதா? வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

பிபிக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு லோ சுகரில் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். அவர்கள் வியர்வையை அலட்சியம் செய்யவே கூடாது.

கிளிமிபிரைடை நடந்து வந்த பிறகு, காலை டிபனோடு போடுங்கள். அளவைக் குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீடியோ பார்த்துவிட்டு, கிட்னி போய்விடும் என்று இன்னொரு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பாதியாக உடைத்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால்தான் அதைக் குறைப்போம், நிறுத்துவோம். தனியாகப் போட்டால் அது லோ சுகரைக் கொண்டுவருவதும் அபூர்வம். தொந்தரவு தரும் மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு, தராததைக் குறைத்திருக்கிறீர்கள்.

டம்பெல்ஸ் தூக்கியதும் சுகர் 190 காட்டியதா? அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்த வேலை, ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். சுகர் குறையும் என்று ஆப்பிள் சிடர் வினிகருக்குச் செலவழிக்கும் பணத்தில் மீட்டருக்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள். மீட்டரில் பதிவான எண்களை மருத்துவரிடம் காட்ட மறக்காதீர்கள்.