நாற்பத்தொரு வயதில் முதலாமாண்டு பி.காம்.

கேள்வி: நான் திருப்பத்தூர் அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்தவன். பிளஸ் டூ முடித்ததும் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 20 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தேன். வயது 41. குடும்பத்துடன் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை, இரவுப் பணியும் வரும். இந்த ஆண்டு மாலைக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தேன். உடன் படிக்கும் பிள்ளைகள் என்னை அங்கிள் என்கிறார்கள். வெடிவேலையில் வலது காது மந்தமாகிவிட்டதால், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பாதிப் பாடம் கேட்பதில்லை. இரவில் தூக்கமும் சரியில்லை. 15 ஆண்டு சர்வீஸ் இருந்தாலே டிகிரிக்குச் சமம், எதற்கு இந்தப் படிப்பு என்கிறார் பட்டாளத்து நண்பர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளின் செலவை முதலில் பார்க்கச் சொல்கிறார் மனைவி. அமெரிக்கக் கல்லூரிகளில் முன்னாள் படைவீரர்களுக்குத் தனி அலுவலகமே இருக்கிறதாமே, இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? தொடர்வதா, விட்டுவிடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 ஜூன் மாதம், அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. போரிலிருந்து திரும்பும் வீரருக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் படிக்கும் காலத்துக்கான மாதச் செலவுத் தொகையையும் அரசே கொடுக்கும் என்றது அந்தச் சட்டம். 1947இல் அந்நாட்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் இன்றும் அங்குள்ள பல கல்லூரிகளில், வீரர்களின் கட்டண ஆவணங்களைச் சரிபார்த்து அரசுக்கு அனுப்பவும், படிப்பைத் திட்டமிட உதவவும், மனச்சோர்வு வந்தால் உரிய இடத்துக்கு அழைத்துச் செல்லவும் தனி அலுவலர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுக் கல்லூரிகளில் அப்படியோர் ஏற்பாடு வழக்கத்தில் இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இல்லாத அலுவலகத்தைத் தேடி அலைவதில் உங்கள் முதல் பருவம் கரைந்துவிடக் கூடாது.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. அங்கே சில ஆண்டுகள் மட்டும் பணியாற்றிவிட்டு இருபதுகளிலேயே வெளியேறும் இளைஞர்கள் அதிகம். அவர்களுக்குப் படிப்பே மறுவாழ்வு. இங்கே வீரர் நீண்ட காலம் பணியாற்றி, பென்ஷனுடன், குடும்பத் தலைவராகத் திரும்புகிறார். ஆகவே நம்முடைய உதவித் திட்டங்கள் பெரும்பாலும் அவருக்கு மறுவேலை, அவர் பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற இரண்டையும் சுற்றியே அமைந்துவிட்டன. படிக்க விரும்பும் வீரர் அந்த வரைபடத்திலேயே இடம்பெறவில்லை. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு வரையிலானவர்களே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் படையில் தொடர முடியும். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல் இளம் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். அவர்களுடைய படைப்பயிற்சிக்குப் பாதி மதிப்பெண் அலகுகளை (கிரெடிட்) வழங்கும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும், வகுப்பறைக்கு வரும் முன்னாள் வீரரை எதிர்கொள்ளக் கல்லூரிகள் இனிமேலாவது ஆயத்தமாக வேண்டும். அதுவரை, சிதறிக் கிடக்கும் உதவிகளை நீங்களேதான் ஒன்றுசேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் நண்பரின் வாதம். அவர் சொல்வதில் பாதி சரி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படையில் பணியாற்றியவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்குத் தகுதியுடையவராகக் கருதலாம் என்ற விதி 1986இலிருந்து இருக்கிறது. அந்தச் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது பயன்படும். ஆனால் அது வேலைவாய்ப்புக்காகத் தரப்பட்ட சலுகையே தவிர, பல்கலைக்கழகம் வழங்கிய பட்டமன்று. அதைக் காட்டி எம்.காம். சேர முடியாது, தனியார் நிறுவனங்கள் அதை ஏற்கக் கடமைப்பட்டவையும் அல்ல. கணக்கியல் கற்று வேறு வேலைக்கு மாற வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், பி.காம். படிப்புக்கு அந்தச் சான்றிதழ் மாற்றாகாது.

பண விஷயத்தில், உங்கள் மனைவியின் கவலையில் நியாயம் இருக்கிறது. பிரதமரின் கல்வி உதவித்தொகை என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் உரியது. உங்களுக்கு அதில் இடமில்லை. உங்கள் மகளுக்கு இடமிருக்கிறது. அவர் பிளஸ் டூவில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பெற்று, பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால், தேர்வு செய்யப்படும் மாணவியருக்கு மாதம் 3,000 ரூபாய் என்ற கணக்கில் உதவி கிடைக்கும். பள்ளிப் படிப்புக்கே மாதம் 2,000 ரூபாய் வீதம் கல்வி மானியம் வழங்கும் மற்றொரு திட்டம், ஹவில்தார் தகுதி வரையிலான முன்னாள் வீரர்களின் பிள்ளைகளில் இருவருக்கு உண்டு. இவ்விரண்டையும் நடத்துவது முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு. மகளுக்குக் கிடைக்க வேண்டியதை இந்த ஆண்டே விண்ணப்பித்துப் பெற்றுவிட்டால், உங்கள் கல்லூரிக் கட்டணம் குடும்பச் செலவில் கைவைப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றாது.

இதற்கெல்லாம் வாசல், முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மாவட்ட சைனிக் அலுவலகம். இங்கே உங்களைப் போன்றவர்கள் அடிக்கடி இடறி விழும் ஓரிடம் இருக்கிறது. நீங்கள் படையில் சேர்ந்தபோது வேலூர் மாவட்டத்தில் இருந்த உங்கள் ஊர், 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. நீங்களோ குடியிருப்பது கர்நாடகத்தில். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி, பென்ஷன் வாங்கும் வங்கியில் ஒரு முகவரி என்று இருந்தால் எந்த விண்ணப்பமும் நகராது. கரியப்பா சாலையில் இருக்கும் கர்நாடக சைனிக் நலத் துறைக்கு ஒரு நாள் விடுப்பெடுத்துச் சென்று, உங்கள் பதிவு இப்போது எங்கே இருக்கிறது, அதை இங்கே மாற்றுவதா, ஊரிலேயே வைத்துக்கொள்வதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். மாநில அரசுகள் தரும் உதவிகள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கே என்பதால், அவசரப்பட்டு மாற்றிவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது காதைப் பற்றிய வரிதான். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். பாதிப் பாடம் கேட்காத மாணவன் எத்தனை அறிவாளியாக இருந்தாலும் ஒரு பருவத்துக்குள் தன்னை மந்தம் என்று நம்பத் தொடங்கிவிடுவான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை உங்களிடம் இருக்கும், அதன் பாலிகிளினிக்கில் காது மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கேட்புக் கருவி தேவை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அதையும் அத்திட்டத்திலேயே பெற வழியுண்டு. ஓய்வுபெறும்போது நடந்த மருத்துவக் குழு இந்தக் குறையைப் பதிவு செய்ததா என்பதையும் உங்கள் காகிதங்களில் பாருங்கள். உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்த வாய்ப்பில்லை. கேட்புக் குறையைப் பொறுத்தவரை அது இரு காதுகளின் இழப்பையும் கணக்கில் எடுப்பது. ஆனால் காலையோ கையையோ இழந்த நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனத்துக்கு அது பொருந்தும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். படையின் மருத்துவக் குழுச் சான்று மட்டும் போதாது, அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டியிருக்கும்.

கருவி வரும்வரை கடைசி வரிசையை விட்டு எழுந்து வாருங்கள். உங்கள் வலப்புறச் சுவரை ஒட்டி, முன்வரிசையில் உட்கார்ந்தால், ஆசிரியர் இருக்கும் பக்கம் உங்கள் இடது காது இருக்கும்.

தூக்கமின்மைக்கு இரவுப் பணியும் காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்வதைக் கோழைத்தனமாக நினைக்கும் பழக்கம் படையிலிருந்து வருபவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2023 டிசம்பரிலிருந்து படைத்துறையினருக்கென்றே அதில் ஒரு பிரிவும் இயங்குகிறது. நேரில் பார்ப்பதானால் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்கள் ஊரிலேயே, ஓசூர் சாலையில் இருக்கிறது.

இனி அங்கிள் விஷயம். நான் சில ஆண்டுகள் மாலை வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் வகுப்பில் இருந்தார். முதல் இரண்டு மாதம், நான் உள்ளே வரும்போதெல்லாம் விறைப்பாக எழுந்து நிற்பார். சந்தேகம் எதுவும் கேட்க மாட்டார். அவருக்கு எல்லாம் புரிகிறது என்றே நானும் எண்ணியிருந்தேன். முதல் உள்தேர்வில் அவர் தோற்ற பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அது என் தவறும்தான். சொல்லப்பட்டதைச் செய்வதும், சொல்லப்படாததைக் கேட்காமலிருப்பதும் அவருக்குப் பழகிய ஒழுக்கம். கல்லூரியோ கேட்பவருக்கு மட்டுமே கொடுக்கும் இடம். பிறகு பக்கத்து இருக்கைப் பையன் ஒருவன் அவருக்கு இருப்புநிலைக் குறிப்பு சொல்லிக்கொடுத்தான்; அவர் அவனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். அவனும் அவரைக் கடைசிவரை அங்கிள் என்றுதான் அழைத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் மரியாதைக்குச் சொல்லும் சொல் அது. அதில் கேலி இருப்பதாக நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே இந்த வாரமே வகுப்பு ஆசிரியரையோ துறைத் தலைவரையோ தனியே சந்தியுங்கள். காது விவரத்தையும் பணிநேரத்தையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, படியொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வருகைப்பதிவு குறைந்தால் பருவ இறுதியில் எடுத்துச் சொல்ல அது உதவும். படிக்க அமைதியான இடம் வீட்டில் இல்லையென்றால், அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடந்து போகும் தூரம்தான்.

தொடர்வதா விடுவதா என்றால், இந்தப் பருவம் முடியும்வரை தொடருங்கள் என்பதே என் கருத்து. இதற்கிடையில் நிறுவனத்தில் பகல் பணி கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காமல், மாலை வகுப்பும் இரவுப் பணியும் சேர்ந்து உடம்பை வாட்டினால், இக்னோவின் பி.காம். படிப்புக்கு மாறிவிடுங்கள். அதற்கு வயது வரம்பில்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கிறது. பெங்களூரிலேயே மண்டல மையம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பளித்த தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று அக்குழுவே 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. தமிழில் படிக்கலாமே என்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர நினைத்தால், மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துக்குள்தான் மையம் நடத்த முடியும் என்பதால், வகுப்புக்கும் தேர்வுக்கும் நீங்கள் ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். எங்கே சேர்வதானாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான ஏற்பு இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.