மாமனார் சேர்த்த ஒன்பது மூட்டை: லாட்ஜ் காகிதங்களை எப்படி ஒழிப்பது?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 22 அறை உள்ள லாட்ஜ் நடத்துகிறோம். தங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகள், அவர்கள் வீட்டார். என் மாமனார் ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒன்பது மூட்டை நிற்கிறது: ஆதார் ஜெராக்ஸ், தங்கியவர் பதிவேடு, பில் புத்தகம், சம்பள நோட்டு, எல்லாம் கலந்து. பழைய பேப்பர்க்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கணவர் மொட்டை மாடியில் கொளுத்திவிடலாம் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

முதலில் கொளுத்துவது. கட்டாக இருக்கும் காகிதம் எளிதில் எரியாது. ஓரம் கருகும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். காற்றடித்தால் பாதி எரிந்த தாள் பக்கத்து மாடியில் போய் விழும், அதில் பெயரும் எண்ணும் தெளிவாக இருக்கும். குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதற்குத் தடை இருப்பது வேறு விஷயம். சுற்றிலும் நோயாளிகள் தங்கியிருக்கும் தெருவில் புகை போடுவதும் நன்றாக இல்லை.

பழைய பேப்பர்க்காரர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் தொழிலே வாங்கி விற்பதுதான். வண்டியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து குடோனுக்கு, குடோனிலிருந்து காகித ஆலைக்கு என்று போகும் வழியில், ஒருபக்கம் வெள்ளையாக இருக்கும் நல்ல தாளைத் தனியாக எடுத்து விற்றால் கூடுதல் காசு. சில வருடங்களுக்கு முன் குடியாத்தம் பஸ்ஸில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே யாரோ ஒரு அம்மாவின் கடன் விண்ணப்ப நகல்: போட்டோ, கையெழுத்து, செல் நம்பர். கடலை தீரும்வரை அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வாசலுக்கும் ஆலையின் கூழ்த் தொட்டிக்கும் நடுவில் உள்ள அந்த வழியைத்தான் நீங்கள் அடைக்க வேண்டும்.

காகிதம் கிழிக்கும் மெஷின் (ஷ்ரெட்டர்) வாங்கலாமே என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். மூட்டைக்கு 40 கிலோ என்று வைத்தால் 8,000 தாள். ஒன்பது மூட்டைக்கு 72,000. மேசைக்கு அடியில் வைக்கும் சின்ன ஷ்ரெட்டர் ஒரு தடவைக்கு ஆறு தாள் வாங்கும், ஐந்து நிமிடம் ஓடினால் சூடாகி அரை மணி நேரம் ஓய்வு கேட்கும். ஒரு ஆள் நாள் முழுக்க நின்றாலும் 2,000 தாள் தாண்டுவது கஷ்டம். ஆக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் வேலூர் மே மாத வெயிலில் என்றால் மெஷின் முதலில் சாகுமா, நிற்கிற ஆளா என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை பிரிப்பது. எதைக் கிழிக்கக் கூடாது என்று தெரியாமல் கிழிக்கத் தொடங்கினால் வம்பு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, பில், கணக்குப் புத்தகம் எல்லாம் அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் இருக்க வேண்டும். 2021-22 கணக்கை எடுத்துக்கொண்டால், ரிட்டர்ன் கடைசி நாள் 2022 டிசம்பர் 31. எனவே 2028 டிசம்பர் 31 வரை அந்தப் புத்தகத்தைத் தொடக் கூடாது. கொரோனா சமயத்தில் கடைசி நாள்களைத் தள்ளிவைத்தார்கள். 2018-19 வருடத்துக்கு அது 2020 டிசம்பர் 31 வரை போனது, ஆகவே 2026 டிசம்பர் வரை வைத்திருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் ஒரு வருடம் முன்னதாகவே கிழித்துவிடுகிறார்கள். நாளை யாராவது லாட்ஜைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றச் சொன்னால், கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுக் கணக்கு கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். வருமான வரிக்கு எந்த வருடம் வரை என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

வழக்கு, வரி நோட்டீஸ், தொழிலாளர் தகராறு என்று எதிலாவது அந்தக் காகிதம் மாட்டியிருந்தால் காலக் கணக்கெல்லாம் செல்லாது. அது முடியும்வரை அப்படியே இருக்கட்டும். சாட்சியமாக வரக் கூடாது என்று ஆவணத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, லைசென்ஸ், ஊழியர்களின் பி.எஃப். காகிதம் இவற்றை மூட்டைக்குள் கண்டால் பீரோவுக்கு மாற்றுங்கள்.

சரி, இப்போது உண்மையில் ஆபத்தான குவியல்: அடையாள அட்டை நகல்கள். வேலூர் லாட்ஜ்களில் இது மற்ற ஊரைவிட அதிகம். மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் என்று வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள், கூட இருப்பவர் மாறும்போதெல்லாம் இன்னொரு நகல் சேர்கிறது. வெளிநாட்டவர் பற்றிய காகிதங்களை மட்டும் அழிக்கும் முதல் சுற்றில் சேர்க்காதீர்கள். அவர்கள் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்க, வந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பிய சி படிவத்தின் பதிவோடு ஒப்பிட்டுத் தனியாகக் கட்டுங்கள். தங்கியவர் பதிவேட்டையும் நகலையும் எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்று உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு, அதற்கு முந்தையதை அழிக்க ஒதுக்குங்கள்.

அறையில் விட்டுப் போன மருத்துவ ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேயும் நிச்சயம் மூட்டையில் இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் அதைத் தனியாக வாங்க ஆள் வருவார். பெயரும் மருத்துவமனை எண்ணும் உள்ள மூலையைக் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். அப்புறம் மையில்லாமல் சூட்டால் அச்சாகும் தெர்மல் பேப்பர் பில். இது எதிர் வகைத் தொல்லை: வைத்திருக்க வேண்டிய பில்லே படிக்கட்டுச் சூட்டில் வெளுத்துப் போயிருக்கும். அழிக்கும் வேலைக்கு உட்காரும்போதே, மிச்சம் எழுத்து தெரிகிற பில்களை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பிரித்து முடித்தால் மூன்று மூட்டைக்கு மேல் தேறாது என்பது என் ஊகம். அந்த அளவுக்கு மெஷின் சரிப்படும். வாங்கும்போது நீளப் பட்டையாகக் கிழிக்கும் மெஷினை வாங்காதீர்கள். 1979-இல் தெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் அப்படிப் பட்டையாக வெட்டிப்போட்ட ரகசியக் காகிதங்களை, ஈரானியர் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துப் புத்தகங்களாகவே போட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் மெஷின் கேளுங்கள். பெட்டியில் பி-4 என்ற குறி இருக்கும். ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்று அர்த்தம். ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 400 துண்டாகும். லாட்ஜுக்கு அது போதும். பி-5 என்றால் 2,000 துண்டுக்கு மேல், ஆனால் மெஷின் இன்னும் மெதுவாக ஓடும்.

மெஷினும் வேண்டாம் என்றால் நம் பாட்டிமார் வழி இருக்கிறது. பழைய காகிதத்தை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்து, முறத்திலும் கூடையிலும் பூசுவார்களே, அதே கூழ். வெந்தயம் வேண்டாம். கையால் நாலாகக் கிழித்து, பெரிய டிரம்மில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கட்டையால் குத்திவிட்டால் எந்தக் கில்லாடியாலும் ஒட்ட முடியாது. லேமினேஷன் செய்ததும் தெர்மல் தாளும் அதில் போடக் கூடாது. தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் இந்த யோசனையைச் சொன்னேன் என்று யாரும் திட்ட வேண்டாம், ஒரு மூட்டை அளவுக்குத்தான் இது.

அளவு அதிகம் என்றால் வண்டியிலேயே மெஷின் வைத்து வாசலில் வந்து கிழித்துத் தரும் நிறுவனங்கள் சென்னை, பெங்களூர் பக்கம் உண்டு. ஒரு லாட்ஜுக்காக அவ்வளவு தூரம் வர யோசிப்பார்கள். தெருவில் நாலைந்து லாட்ஜ் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், துண்டின் அளவும் மொத்த எடையும் தேதியும் போட்டுச் சான்றிதழ் தர வேண்டும், துண்டு எந்த ஆலைக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். மூட்டையை எடுத்துப் போய் அங்கே கிழிக்கிறோம் என்றால், சீல் வைத்த மூட்டையோடு உங்கள் ஆள் ஒருவரும் கூடப் போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ரிசப்ஷன் பையனின் போன். "ஆதாரை வாட்ஸ்அப் பண்ணிடுங்க" என்று கேட்டு வாங்கியதெல்லாம் அந்த கேலரியில் இருக்கிறது, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கும். அவன் வேலையை விட்டுப் போனால் 22 அறையின் விவரமும் கூடவே போகும். 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இந்த மாதிரித் தகவலைத்தான். வேலை முடிந்ததும், வேறு சட்டம் வைக்கச் சொல்லாத தகவலை அழிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். லாட்ஜ் பெயரில் தனி போன் வாங்கி வையுங்கள், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையே கேளுங்கள். பழைய கம்ப்யூட்டரையும் சிசிடிவி கேமரா பதிவுப் பெட்டியையும் விற்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். டெலிட் செய்தது அழிந்ததாகாது. டிஸ்க்கில் நாலு இடத்தில் டிரில் போட்டுவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். வாடகை ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் சிலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு, திருப்பித் தரும்போது கேட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி, என்ன காகிதம், எந்த வருடத்தது, எப்படி அழித்தோம் என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கும் நாளில் மாமனாரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்த மூட்டையில் பழைய வழக்குக் காகிதம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு கையெழுத்தில் ஒன்று அவருடையதாக இருந்தால், ராத்திரியில் மூட்டையைப் பிரித்து அவர் திரும்ப எடுத்து வைக்கவும் மாட்டார்.