கேள்வி – பதில்: சேர்க்கைக் கையேடும் கலைக்களஞ்சியமும்

கேள்வி: என் மகள் எம்.பி.ஏ. படிக்கக் கல்லூரி தேடிக்கொண்டிருக்கிறாள். விக்கிப்பீடியாவில் பார்த்தால், பல கல்லூரிகளின் கட்டுரைகள் சேர்க்கைக் கையேட்டைப் போலவே இருக்கின்றன. கலைக்களஞ்சியத்தில் இப்படி எழுதலாமா? எதை நம்புவது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி.

பதில்: எழுதக்கூடாது. நடுநிலையும், கட்டுரைக்குரியவருக்குத் தொடர்பில்லாதோர் வெளியிட்ட ஆதாரமும் விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகள். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இடத்தில் கொள்கை தானாகக் காவல் நிற்பதில்லை. மாணவர் சேர்க்கையையே பெரிதும் நம்பியிருக்கும் தனியார் வணிகப் பள்ளிகளுக்கு, தேடுபொறியில் முன்னால் வந்து நிற்கும் அந்தப் பக்கத்தின் மீது ஒரு கண் இருப்பதில் வியப்பில்லை.

“தொலைநோக்குடன் நிறுவப்பட்டு, உலகத்தரம் வாய்ந்த கல்வியால் நாளைய தலைவர்களை உருவாக்கிவரும் முன்னணி நிறுவனம்” என்ற வகை வாக்கியத்தைப் பாருங்கள். அதில் சரிபார்க்கக்கூடியது எதுவுமே இல்லை. ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைப் பள்ளி 1949இல் இயேசு சபையினரால் தொடங்கப்பட்டது என்று எழுதினால் புகழ்ச்சி ஏதுமில்லை. 1961இல் தோன்றிய கொல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.களைவிட (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) அது 12 ஆண்டுகள் மூத்தது என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்வார். அதேபோல, ஹைதராபாத்தின் வணிகப் பள்ளியான ஐ.எஸ்.பி.யை ‘உலகின் தலைசிறந்த பள்ளி’ என்பது விளம்பரம். பைனான்சியல் டைம்ஸ் இதழின் 2008ஆம் ஆண்டு எம்.பி.ஏ. தரவரிசையில் அது 20ஆம் இடம் பெற்றது என்பது தகவல். நல்ல இடம் கிடைத்த ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆண்டுகளை மறைத்தால், அந்தத் தகவலும் விளம்பரமாகிவிடும்.

சம்பளக் கணக்கிலும் இதே கைவரிசைதான். ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்த உச்சச் சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேர் வேலைவாய்ப்பு முகாமில் கலந்துகொண்டார்கள் என்பவை இருக்காது. அந்த எண்களைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அடைமொழிகளைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, கட்டுரையிலிருந்து காணாமற்போகும் செய்திகள். ஐ.ஐ.பி.எம். என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம், ஐ.ஐ.எம்.களுக்கு அப்பால் சிந்திக்கத் துணியுமாறு மாணவர்களை அழைத்து நாளிதழ்களில் பெரிய விளம்பரங்கள் வெளியிட்டுவந்தது. அது பல்கலைக்கழகம் அன்று, பட்டம் வழங்க அதற்கு உரிமையில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் அறிவித்தது; எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற சொற்களை விளம்பரங்களில் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தடை விதித்தது. இத்தகைய நிறுவனத்தைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் பல ஆண்டுகள் ஒருதலைப்பட்சமாகத் திருத்தங்கள் செய்ததாக முடிவுசெய்து, ‘விஃபியோன்’ என்ற புனைபெயரில் இயங்கிய பயனர் ஒருவரின் நிர்வாகி உரிமையை (பக்கங்களைப் பூட்டவும் பிற பயனர்களைத் தடுக்கவும் உள்ள அதிகாரம்) விக்கிப்பீடியாவின் நடுவர் குழு 2015 பிப்ரவரியில் பறித்து, அவரைத் தடையும் செய்தது. காவலுக்கு அமர்த்தப்பட்டவரே அப்படிச் செய்தார் என்பதுதான் இதில் உறுத்தலான செய்தி. அந்த ஆண்டுகளில் அக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பணம் கட்டிய பெற்றோரும் இருந்திருக்கக்கூடும்.

ஆகவே, ஒரு கட்டுரை சந்தேகம் தந்தால் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, எந்த வரி எப்போது நீக்கப்பட்டது என்று பாருங்கள். திருத்துவோர் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் அதைப் பற்றிய வாக்குவாதமும் பெரும்பாலும் இருக்கும். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம்) அங்கீகாரத்தை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பர வரியைக் கண்டால் நானே அழித்துவிடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: தாராளமாக. திருத்தத்தைச் சேமிக்கும்போது வரும் திருத்தச் சுருக்கப் பெட்டியில் காரணத்தை எழுதிவிடுங்கள். ஆதாரமுள்ள நல்ல செய்தியையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்; கோபத்தில் சிலர் அதையும் செய்கிறார்கள்.

கேள்வி: நான் ஒரு வணிக மேலாண்மைக் கல்லூரியில் மக்கள் தொடர்பு அலுவலர். எங்கள் கட்டுரையை ‘மெருகேற்ற’ நிர்வாகம் சொல்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை.

பதில்: சம்பளம் பெற்றுக்கொண்டு திருத்துவோர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. எனவே உங்கள் பயனர் பக்கத்தில் யாருக்காக எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். கட்டுரையில் கைவைக்காமல், முதல்வர் பெயர் மாறியது, புதிய படிப்பு தொடங்கியது போன்றவற்றைச் செய்தித்தாள் ஆதாரத்துடன் உரையாடல் பக்கத்தில் வைத்து, வேறொருவர் பரிசீலிக்கக் கேளுங்கள். கையேட்டிலிருந்து பத்திகளை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமைச் சிக்கலும் வரும். எவ்வளவு அழகாக எழுதினாலும், வெளியார் ஆதாரம் இல்லாத பாராட்டை இன்னொருவர் நீக்குவார், அந்த நீக்கம் வரலாற்றுப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும் என்று நிர்வாகத்திடம் சொல்லிப்பாருங்கள். பெரும்பாலான நிர்வாகங்களுக்கு இது புரியும்.