டெல்டா ரோட்டில் வேகமாக ஓட்ட ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்குப் பெரிய பிரேக் கிட் தேவையா?

ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். ஊர் மன்னார்குடி. விடியற்காலையில் கொஞ்சம் விரட்டி ஓட்ட ஆசை, ஆனால் பிரேக் அழுத்தினால் நம்பிக்கை வரவில்லை. ஆறு பிஸ்டன் பெரிய பிரேக் கிட் போடலாமா, துளை போட்ட டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட் வேண்டாம். அதற்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை டயர், பிரேக் ஆயில், பேடு, காலிப்பர் சர்வீஸ் இந்த நான்கிலும் போடுங்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதைக் கடித்துப் பிடிப்பது பேடு, பேடைப் பிஸ்டனால் அழுத்துவது காலிப்பர். நான் கும்பகோணத்துக்காரன். இதே மாதிரி டர்போ பெட்ரோல் வண்டியை இதே ரோடுகளில் பல வருடமாக ஓட்டுகிறேன், பிரேக் வேலையை மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து செய்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பெரிய கிட் எதற்கு? சூட்டைத் தாங்க. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. சூடு மேல் சூடு ஏறி பேடு பிடி விடும், ஆயில் கொதிக்கும், பெடல் தரை வரை போகும். அங்கே பெரிய டிஸ்க்குக்கு வேலை இருக்கிறது. நம்ம ஊரில் ஏற்றமே கிடையாதே. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1,500 கிலோ. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்கின் சூடு ஏறக்குறைய 50 டிகிரிதான் கூடும். அடுத்த தடவை அழுத்தி மிதிப்பதற்குள் நான்கைந்து கிலோமீட்டர் காற்று வாங்கிவிடும். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் வரை எவ்வளவு விரட்டினாலும் உங்கள் டிஸ்க் பேடை எரிக்கும் சூட்டுக்குப் போகவே போகாது.

இங்கே இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. பத்து நிமிடம் பிரேக்கே தொடாமல் வந்திருப்பீர்கள், திடீரென்று ஒரே மிதியில் வண்டி நிற்க வேண்டியிருக்கும். தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பதில் சிக்கல். களம் போதாது, அதனால் பாதி ரோட்டில் நெல் காயும். ராத்திரி அதைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கருங்கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பு, ரோட்டின் கறுப்போடு ஒட்டிப் போய்விடும், கிட்டே வந்த பிறகுதான் கல்லே தெரியும். வைக்கோல் நனைந்து கிடந்தால் அதன் மேல் டயர் வழுக்கும். அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறிய இடத்தில் களிமண் பாளம் பாளமாகக் கிடக்கும். பின் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர், தாளடி வயலுக்கு ரோட்டைக் கடக்கும் வாத்துக் கூட்டம் எல்லாம் உண்டு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் ரோடு, நாம்தான் அதில் வேகமாகப் போக ஆசைப்படுகிறோம். அதனால் உங்களுக்கு வேண்டியது, ஆறிக் கிடக்கும்போதும் நனைந்திருக்கும்போதும் முதல் மிதியிலேயே கடிக்கும் பிரேக்.

இப்போதிருக்கும் பிரேக்குக்கு பலம் போதுமா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஆளில்லாத, காய்ந்த, நேரான ரோடாகப் பார்த்து, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 60-ல் போகும்போது முழு பலத்தோடு மிதியுங்கள். பெடல் காலடியில் தடதடவென்று துடித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது. அப்படியென்றால் டயரின் பிடியைவிட பிரேக்கின் பலம் ஏற்கெனவே அதிகம். ஆறு பிஸ்டன் இல்லை, அறுபது பிஸ்டன் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. குறைக்க வேண்டுமென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. செகண்ட் ஹேண்டில் வந்த வண்டியில் பட்டன் (டயரின் மேல்பள்ளம்) நிறைய இருந்தும் ரப்பர் காய்ந்து கெட்டியாகிப் போயிருப்பது சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காலை வாரிவிடும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும்தான், ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே மாற்றிவிடுவது என் வழக்கம். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றால் 80-ல் நிற்க ஏறக்குறைய 32 மீட்டர், 100-ல் 50 மீட்டர். கண் பார்த்து கால் மிதிக்க ஒரு நொடி ஆகும், 100-ல் அதற்குள் இன்னொரு 28 மீட்டர் போய்விடும். ஊர் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து பிரேக் ஆயில். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம், அதுவும் நம்ம ஊர்க் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியிலும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலும் கொதிக்கும் என்பது தர அளவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கினால் பில் இருக்கிறதா என்று தேடாமல் நேராக மாற்றிவிடுவதே நல்லது. இஎஸ்பி (வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் போட்டு நிலைப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டி என்பதால் குளிரிலும் இளகி ஓடும் வகை டாட் 4 கேட்டு வாங்குங்கள். டாட் 5 என்று சிலிகான் ஆயில் ஒன்று உண்டு, அதைத் தொடவே தொடாதீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் டாட் 5.1 வேறு, அது சிலிகான் இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றீர்களே, என் சந்தேகம் காலிப்பர் பின் மேல்தான். நாகப்பட்டினத்தில் கடலோரமாகவே ஓடிய நண்பர் வண்டி ஒன்றை ஒருமுறை கழற்றினோம். வெளிப்பக்கப் பேடு பாதிக்கு மேல் இருந்தது, உள்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்திருந்தது. காலிப்பர் நகரும் பின்னை உருவினால் கிரீஸே இல்லை, அது இருந்த இடத்தில் செம்பழுப்புத் துருப்பொடி. ரப்பர் உறை ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல், உப்புக்காற்றும் சேற்றுத் தண்ணீரும் அது வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. பின்னைத் தேய்த்துத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிகான் கிரீஸ் தடவி, உறையும் பேடும் புதிதாகப் போட்டோம். ஓட்டிப் பார்த்த நண்பர் வேறு பிரேக் மாட்டிவிட்டீர்களா என்று கேட்டார். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்தையும் கழற்றி, உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண கிரீஸ் தடவ வந்தால் விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

பேடு வாங்கும்போது ரேஸ் பேடு பக்கம் போகாதீர்கள். அது நன்றாகச் சூடான பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். நம் பிரேக்கோ எப்போதும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறித்தான் கிடக்கிறது, முதல் மிதியில் அது கம்பெனிப் பேடைவிட மோசமாகப் பிடிக்கும். சத்தம் வேறு, டிஸ்க்கையும் தின்னும். தெரு ஓட்டத்துக்கென்று வரும் நல்ல பேடு போதும். பல பேடுகளின் தகடு ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் நமக்குத் தாராளம்.

புதுப் பேடு போட்டதும் அதை டிஸ்க்கோடு பழக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு விடியலில் செங்கிப்பட்டி பக்கம் நான்கு வழிச் சாலை காலியாக இருக்கும்போது, 80-லிருந்து 20 வரை உறுதியாக, ஏபிஎஸ் வராத அளவுக்குக் குறையுங்கள். வண்டியை நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள். இப்படி எட்டு பத்து தடவை. பிறகு பிரேக் அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லப்படும் உதறல் பெரும்பாலும் இதுதான்.

இதெல்லாம் செய்த பிறகும் ஆசை தீரவில்லை, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிறேன் என்றால் கிட் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பிஸ்டன் அளவு மாறினால் முன் பின் பிரேக் பங்கீடு மாறும், ஏபிஎஸ் கம்பெனிக்காரர் அமைத்த கணக்கும் பிசகும். பெரிய டிஸ்க்குக்குப் பெரிய வீல் வேண்டும், பெரிய வீலுக்கு மெல்லிய டயர், அது நம்ம ஊர்ப் பள்ளத்தில் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்க்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் கொஞ்சம் இறுகும், நிற்கும் தூரம் குறையாது.

துளை போட்ட டிஸ்க்? வேண்டாம். துளையின் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும், துளை போட்ட அளவுக்குச் சூடு தாங்கும் இரும்பும் குறைகிறது. துளையில்லாத நல்ல டிஸ்க் போதும். பழைய டிஸ்க் தேய்ந்திருக்கிறதா என்று அறிய, குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். மாற்றினால் இடது வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அது அங்கே இருந்தால் புது டிஸ்க்கும் நேராக உட்காராது.